விரல் கேட்டால் வை என்று சொன்னது அப்பாதான்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், ஒன்றையும் கூட்டமாட்டேன், ஒன்றையும் மறைக்கமாட்டேன் என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். சொல்வது அவர்கள் இரண்டு பேரும், எழுதுவது நான், அவ்வப்போது நிறுத்தி வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்பா எதிரே கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நாளைக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். முதலில் அப்பா சொல்வது, மகனே, இங்கே யாருக்கும் காய்ச்சலோ அடியோ இல்லை, எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் உன் கப்பலும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருப்பதாகத் தெரிந்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கும். அம்மா கேட்பது, எஞ்சின் அறையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்கிறாயா இல்லையா, போன தடவை பேசும்போது எல்லாவற்றுக்கும் என்ன, என்ன என்றே கேட்டாயாம்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். கரைக்கு வந்து உனக்குச் சிக்னல் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவோம், நீ பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீயே முடிவு செய்துகொண்டு கத்துவாய், கத்தினால் பக்கத்தில் நிற்கிற சின்னவளுக்குக் கேட்கும், அதனால் எழுதிவிடுவதுதான் நல்லது என்றார் அப்பா. உன் கப்பல் எலக்ட்ரீஷியன் விடுமுறை முடிந்து கிளம்புகிறாராம், அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம்.

விஷயம் இதுதான் அண்ணா. அம்மாவுக்குத் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் வாங்க நீ மாதாமாதம் அனுப்பிய பணம் இப்போது பேங்க்கில் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை, யாருக்கும் கைமாற்றாகவும் கொடுக்கவில்லை. நம் கடைக்குட்டி, நீயே கடுகு என்று பெயர் வைத்துவிட்டுப் போனாயே, இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், அவள் உன் பழைய போனில் விளையாடுகிற வீடு கட்டும் கேமுக்குள் அத்தனையும் போய்விட்டது. இந்த இடத்தில் வாசித்துக் காட்டினேன். எடுத்த எடுப்பிலேயே இப்படிப் போட்டு உடைக்கணுமா என்றார் அப்பா. உடைஞ்சதை உடைஞ்சதுன்னுதானே எழுதணும், பூசி மெழுகவா சொல்றீங்க என்றாள் அம்மா. நீ இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் முகங்கள் அப்படி இருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மா அயர்ன் பாக்ஸை ஒரே சட்டைக் கையின் மேல் தேய்த்துக்கொண்டே இருந்தாள், துணி பொசுங்குகிற வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு வீட்டில் உட்கார்ந்தார், அப்படிச் செய்கிற ஆளா அவர், நாம் காலைத் துடைக்காமல் தரையை மிதித்தாலே பிடிக்காது அவருக்கு.

ஒரு குழந்தை எப்படி இவ்வளவு பணத்தை எடுக்க முடியும் என்று கேட்பாய், நாங்களும் அதையேதான் கேட்டோம். டைல்ஸ் ஒட்டி ஒட்டி, சிமெண்ட் அரித்து அரித்து அப்பாவின் விரல் நுனிகளில் கோடு என்று ஒன்றுமே மிஞ்சவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ அப்பாவின் பேங்க் கணக்கோடு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போன போனில் பணம் கட்ட வேண்டுமென்றால் அது விரல் கேட்கும். அப்பா வைப்பார், மறுபடியும் வை என்னும். எச்சில் தொட்டு வைப்பார், சட்டையில் துடைத்து வைப்பார், டைல்ஸ் சாமான் கடையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ரகசிய நம்பர் போடலாமென்றால் மறந்து, தப்புத் தப்பாகப் போட்டு, போனே பூட்டிக்கொண்டது. அப்போது மொபைல் கடைக்காரர்தான் வழி சொன்னார், வீட்டில இருக்கிற யார் விரலையாவது பதிஞ்சு வெச்சிடுங்க பாஸ், போனுக்கு எல்லா விரலும் ஒண்ணுதான் என்று. அம்மா, இந்தச் சனியனுக்கும் எனக்கும் ஒத்துவராது என்று ஒதுங்கிவிட்டாள். நான் பள்ளிவிட்டு வர நேரமாகும். கடுகுதான் மதியமே வீட்டுக்கு வந்துவிடுகிறவள், விடுமுறை நாளில் அப்பாவோடு சாமான் கடைக்கும் ஒட்டிக்கொண்டு போகிறவள். அவளுடைய ஆள்காட்டி விரலைப் பதிந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வந்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். சாமான் கடை வாசலில் அப்பாவோடு நுழைந்தாலே கடைக்காரர், வாங்க முதலாளியம்மா, உங்க ஆள் பசை மூட்டை கேக்கறார், கொடுக்கலாமா என்பாராம். இவள் ஸ்டூலில் ஏறி நின்று தலையை ஆட்டிவிட்டு விரலை வைப்பாளாம். முதலில் ஒவ்வொரு தடவையும், இது எதுக்குப்பா, அது எதுக்குப்பா என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். அதனால் அப்பா, போன் விரல் கேட்டா வை, கேள்வி கேக்காதே என்று சொல்லியிருக்கிறார். ஒரு தடவை அல்ல, பல தடவை, நானே காதால் கேட்டிருக்கிறேன். இந்த வரியை எழுதும்போது அப்பாவைப் பார்த்தேன். எழுது என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

அந்தக் கேமில் காலி மனை ஒன்று கொடுப்பார்கள், சுவர் எழுப்பலாம், கதவு வைக்கலாம், அறை அறையாகச் சேர்க்கலாம். கொஞ்சம் விளையாடியதும், பளிங்குத் தரை வேண்டுமா என்று படம் காட்டும், கீழே விரல் அடையாளம் மின்னும். போன் விரல் கேட்டது, இவள் வைத்தாள். மொட்டை மாடி கேட்டது, வைத்தாள். உனக்கென்று ஓர் அறை அண்ணா, அதற்குக் கடல் தெரிகிற ஜன்னல், வைத்தாள். நானும் அந்த வீட்டைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன், அது காசு என்று எனக்கும் தோன்றவில்லை. அவளைப் பொறுத்தவரை காசு என்பது அம்மாவின் பர்ஸில் இருப்பது, கையில் எடுத்தால் சத்தம் போடுவது. ரசீதெல்லாம் உன் பழைய ஈமெயிலுக்கு வந்து குவிந்திருக்கிறது, அதைத் திறந்து பார்க்க இங்கே யாரும் இல்லை.

பல் டாக்டரின் புது கிளினிக்குக்குத் தரை போடும் வேலை அப்பாவுக்கு வந்திருக்கிறது, நல்ல வேலை, அதற்குப் பசை வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. இவள் விரலை வைத்தாள், பணம் போகவில்லை. மறுபடி வைத்தாள். கடைக்காரர், முதலாளியம்மா, பேங்க்ல உங்க பேர் கெட்டுப்போச்சு போலிருக்கே என்று சிரித்திருக்கிறார், அப்பாவும் நெட்வொர்க் கோளாறு என்று சேர்ந்து சிரித்திருக்கிறார். பேங்க்கில் போய்க் கேட்டதும் அந்தக் கவுண்டர்காரர் ஸ்க்ரீனை இவர் பக்கம் திருப்பி, கேம், கேம், கேம் என்று விரலால் கீழே இறக்கிக்கொண்டே போனாராம். நான் இதெல்லாம் வாங்கலையே என்று அப்பா சொல்ல, ஒவ்வொரு தடவையும் உங்க விரல் வெச்சு உறுதி பண்ணியிருக்கீங்க சார் என்று அவர் சொல்ல, அப்பா இரண்டு கையையும் கவுண்டர் மேல் விரித்து வைத்து, இதுல எந்த விரலுன்னு நீங்களே சொல்லுங்க என்றாராம். அவர் அந்த விரல்களைக் குனிந்து பார்த்தாராம். பிறகு மெதுவாக, இது எங்க கையில இல்லீங்க, கேம்காரங்ககிட்டதான் கேக்கணும் என்றாராம்.

கேம் கம்பெனியின் உதவி மையத்துக்கு நான்தான் போன் போட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். குழந்தைகள் கையில் போனைக் கொடுத்தால் அதற்குப் பெற்றோர்தான் பொறுப்பு என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, பொறுப்பு நான்தாம்மா, அதை யார் இல்லைன்னு சொன்னது, எனக்குத் தெரியாம எப்படிப் போச்சுன்னுதான் கேக்கறேன் என்றார். போன் கணக்கு உன் பெயரில் இருப்பதால் ஒரு படிவம் உன் ஈமெயிலுக்கு வந்திருக்கிறது, நீ மட்டும்தான் நிரப்ப முடியும், மாதம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். வாங்கியது யார் என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. நானே வாங்கினேன் என்பது முதல் பதில். அனுமதியோடு வேறொருவர் என்பது இரண்டாவது. அனுமதி இல்லாமல் வேறொருவர் என்பது மூன்றாவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, குழந்தை தெரியாமல் எடுத்துச் செய்துவிட்டது என்று எழுதினால் பணம் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்று அந்தப் பெண் சொன்னார்.

வீட்டில் இதற்குத்தான் சண்டை. மூணாவதைப் போடச் சொல்லுங்க, என்ன இப்போ, என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அவளைக் குறை சொல்லாதே அண்ணா, ஓவர்லாக் இருந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மொத்தமாக எடுத்துத் தைக்கலாம் என்று ஒரு தலைமை ஆசிரியையிடம் பேசி வைத்திருந்தாள், மெஷின் வைக்க இடம்கூட ஒழித்து வைத்திருந்தாள். அந்த மூன்று பதிலையும் மறுபடி ஒருதரம் சொல் என்றார் அப்பா. மாடி வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாமா விஷயம் கேட்டு இறங்கி வந்தார். படிவம் நிரப்புவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவர் எண்ணம். பொத்தாம்பொதுவா எழுதாதீங்க, அப்பா தூங்கும்போது குழந்தை போனைத் திருட்டுத்தனமா எடுத்துதுன்னு அழுத்தமா எழுதச் சொல்லுங்க, அது குழந்தைதானே, பிடிச்சு ஜெயில்லயா போடப் போறாங்க என்று சொல்லி அவரே சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கடுகு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன், அந்த நேரத்தில் அது பெரிதாகத் தோன்றவில்லை.

மறுநாள் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். அம்மாவின் இரண்டு கையிலும் துணி. எப்போதும் போல, கடுகு, பர்ஸிலிருந்து சில்லறை எடுத்து அண்ணன்கிட்ட கொடு என்றாள். இவள் அசையவில்லை. அம்மா திரும்பவும் சொன்னாள். இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நீங்களே எடுத்துக் கொடுங்கம்மா என்றாள். ஏன்டி என்று கேட்டதற்கு, நான் தொட்டா திருடினதா ஆயிடும் என்றாள். அழவில்லை அண்ணா, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இரண்டாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். அம்மா துணியைக் கீழே போட்டுவிட்டு மெஷின் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பணம் போனதைக் கேட்டபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. தண்ணீர்க்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அப்புறம் வாங்கிக்கறேன் தங்கச்சி என்று அவர் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மாதான் ஆரம்பித்தாள். வைன்னு சொன்னது நாம, அது வெச்சது, இதுல யார் யார்கிட்ட திருடினாங்க, பையனுக்கு ரெண்டாவதைப் போடச் சொல்லி எழுதச் சொல்லுங்க என்றாள். அப்ப மெஷின் என்று அப்பா கேட்டார். இத்தனை நாள் அது இல்லாமத்தானே தைச்சேன், கை என்ன தேஞ்சா போச்சு என்றாள். சொல்லிவிட்டு அப்பாவின் கையைப் பார்த்தாள், அப்பாவும் பார்த்தார், எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு அப்பா கடுகைப் பக்கத்தில் உட்கார வைத்து, வைக்கச் சொன்னது நான், தப்பு என்னோடது, உன் மேல ஒண்ணும் இல்லை என்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பினாளா என்று தெரியவில்லை. அப்ப அந்த வீட்டை இடிச்சிடணுமா என்று கேட்டாள். அப்பா அதுவரை அந்த வீட்டைப் பார்த்ததில்லை, காட்டு என்றார். இவள் தொடமாட்டேன் என்றதால் நான்தான் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினேன். அப்பா கண்ணருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார், மூலையில வெட்டு சரியில்லை, எவன் போட்ட தரை இது என்று கேட்டார். கடுகுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. இடிக்க வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

மொபைல் கடைக்காரர் அவள் விரலை நீக்கிவிட்டார், போனிலிருந்து பேங்க்கையும் பிரித்துவிட்டார். அப்பா இனிமேல் கையில்தான் காசு கொடுத்து வாங்கப் போகிறார்.

ஆகவே அப்பா உன்னிடம் கேட்பது இது, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுகிறேன். கண்ணா, அது உன் உழைப்பு, எஞ்சின் சூட்டில் நின்று சம்பாதித்தது, அதைக் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. உனக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் படிவத்தில் மூன்றாவதைத் தொடாதே. இரண்டாவதைப் போட்டு, கீழே, என் அப்பா அனுமதி கொடுத்திருந்தார், எதற்குக் கொடுக்கிறோம் என்று அவருக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது என்று எழுது. கொடுத்தால் கொடுக்கட்டும், கொடுக்காவிட்டால் பல் டாக்டர் கிளினிக் முடிந்ததும் வேறு வேலைக்குப் பேசியிருக்கிறேன், அம்மாவின் மெஷின் என் பொறுப்பு. முட்டியைப் பற்றிக் கேட்காதே, அது நன்றாக இருக்கிறது. (முட்டி நன்றாக இல்லை அண்ணா, மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடிக்கிறார். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன், இதை மட்டும் வாசித்துக் காட்டவில்லை.)

அம்மா கடைசியாக ஒன்றை நினைவுபடுத்தச் சொல்கிறாள், இதுதான் முக்கியமாம். நீ அடுத்து கரைக்கு வந்து கூப்பிடும்போது நாங்கள் யாரும் போனை எடுக்கமாட்டோம். வீட்டில் இருப்போம், பக்கத்திலேயே நிற்போம், ஆனால் எடுக்கமாட்டோம். கடுகு இப்போது போனையும் தொடுவதில்லை, அடித்தால் எங்களைக் கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்கிறாள். உன் குரல் என்றால் எடுப்பாள் என்று அம்மா நினைக்கிறாள். அதனால் அடித்துக்கொண்டே இருக்கட்டும், நின்றுபோனால் மறுபடியும் கூப்பிடு. உனக்குச் சிக்னல் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான் என்று எங்களுக்குத் தெரியும், அது முழுக்க இதிலேயே போனாலும் போகட்டும், நீ மட்டும் பொறுமை இழந்து விட்டுவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் துணியோடு படுக்காதே, ஊர்க்கவலையை எல்லாம் எஞ்சின் அறைக்குள் கொண்டுபோகாதே. நீ போகிற கடல் எல்லாம் உனக்கு அமைதியாக இருக்கட்டும், நீண்ட ஆயுளும் நல்ல மனசும் உன்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும்
அப்பா, அம்மா
(சொல்லக் கேட்டு எழுதியது, உன் பெரிய தங்கை)

மேலே அப்பா தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார், அம்மாவும் போட்டிருக்கிறாள். கடுகையும் போடச் சொன்னோம், படுக்கையிலிருந்தே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிகிறது. வெளிச்சம் இருந்தா அது தூங்காது, எழுதினது போதும் என்று அம்மா எழுந்தாள். விளக்கை அணைக்கப் போகிறாள்.