கடைசி அத்தியாயத்தை நான்தான் எழுதினேன்

என் பொன்னு அக்கா,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் எனக்கு வயிறு நிறையச் சோறு இறங்கியது. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

இணையத்தில் உன் பக்கத்தில் எழுதிய தொடர்கதைக்கு நீ வாசகரைச் சேர்த்த விதம் எனக்குத் தெரியும். கருங்கல் சந்தையில் மீனுக்கு நிற்கும்போதும் போனில் ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லிப் பதில் போடுவாய். உனக்கு அந்தப் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்த சித்தப்பா மகன் ஜெபின், "காசு குடுத்தா ஒரே நாள்ல பத்தாயிரம் பேரு வருவாவ" என்றான். "காசு குடுத்து கூட்டுன கூட்டம் கதையாடே கேக்கும்?" என்று சிரித்தாய். உன் கதையில் அவன் ஒரு வரி வாசித்ததில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் பார்ப்பான்.

உன்னை அடக்கம் செய்த மறுவாரமே உன் பக்கத்தில் புது அத்தியாயம் வந்தது. நீ எழுதிச் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் அவன் போட்டுக்கொண்டிருந்தான். தளம் தரும் பணமும் அவன் பேங்குக்கே போனது. அது கிடக்கட்டும். நீ இறந்ததை அவன் யாருக்கும் சொல்லவில்லை அக்கா! துபாயில் நர்ஸாக இருக்கும் அந்தப் பிள்ளை, "அக்கா, என்கிட்ட கோவமா? ஏன் பதிலே இல்ல?" என்று கேட்டிருந்தாள். உனக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாக இன்னொருத்தி எழுதினாள். உனக்கா?

கடைசி அத்தியாயம் மட்டும் அவன் கையில் இல்லை. துக்கம் விசாரிக்கிற மூஞ்சியோடு வீட்டுக்கே வந்தான். "ஏட்டி, அக்கா அத நோட்டுல எழுதி வச்சிருப்பாள்லா? டைப் பண்ணி அனுப்பு மக்கா."

அனுப்பினேன். முதல் நான்கு பத்தி கதை. ஐந்தாவதில் இப்படி எழுதினேன்: "இதை எழுதிய என் அக்கா இறந்துவிட்டாள். அவள் பதில் போடாதது தலைக்கனத்தால் அல்ல. அவள் பேரில் இதைப் போடுபவன் எங்கள் சித்தப்பா மகன் ஜெபின்."

படுபாவி, வாசிக்காமல் அப்படியே போட்டான்!

அவன் அழிப்பதற்குள் உன் வாசகர்கள் படமெடுத்துப் பரப்பிவிட்டார்கள். அந்த நர்ஸ் பிள்ளை உனக்காக அழுது எழுதியிருந்தாள். அவன் போனில் கத்தினான்: "என்னத்தட்டி எழுதி விட்ட? ஊரே ஏசுது. சர்ச்சுல தல காட்ட முடியல!"

"போடுறதுக்கு முன்னால நீ வாசிக்கலியா அண்ணே?" என்றேன்.

போதகர் மன்னிக்கச் சொல்கிறார். மாட்டேன். நோட்டில் நீ எழுதிய உண்மையான முடிவை என் பக்கத்தில் போட்டு, கேட்கிற எல்லாருக்கும் பேர் சொல்லிப் பதில் எழுதுவேன். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவன் நம் வீட்டுக்குத்தானே வந்தாக வேண்டும்? வரட்டும். உன் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து சத்தமாக வாசிப்பேன். முழுக்கக் கேட்டு முடித்தால்தான் அவனுக்குச் சோறு. சத்தியம்.

கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி