கழிவுக் குளத்தின் சூடம்

மச்சான்,

இன்று வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "மறுபடியும் குளத்து நாத்தம் அடிக்குது. சட்டைய வெளியவே போடுங்க" என்றாள். அந்த நாற்றத்தில் உன் நினைவு வந்தது, கோபித்துக்கொள்ளாதே. தெலுக் இந்தான் பக்கத்து செம்பனை எண்ணெய் ஆலையில், கழிவுநீர்க் குளத்தோரம் பதினேழு வருடம் நாம் சேர்ந்து சுவாசித்தது அல்லவா அது.

குளத்தைக் கறுப்பு விரிப்பால் மூடி, அடியில் சேரும் வாயுவை முதன்முதலாகப் பற்றவைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் தோட்டக் காலத்திலிருந்தே புது இயந்திரம் எது வந்தாலும் சூடம் காட்டாமல் ஓடவிட்டதில்லை நம் ஆட்கள். நீயும் விரிப்பின் ஓரத்திலேயே சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை உரசப் போனாய். சீன இஞ்சினியர் "காஸ் லா! காஸ்!" என்று கத்திக்கொண்டு தலைதெறிக்க ஓடிவந்து உன் கையைத் தட்டிவிட்டார்.

அப்புறம் அவரே விளக்கினார். இந்த மீத்தேன் அப்படியே மேலே போனால் புகையைவிட மோசமாகப் பூமியைச் சூடாக்குமாம். குழாயில் பிடித்து, குளத்தோரம் நட்ட உயரமான இரும்புக் கம்பத்தின் உச்சியில் எரித்துவிட்டால் கேடு குறையுமாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. உச்சியில் நெருப்புப் பிடித்ததும் நீ கன்னத்தில் போட்டுக்கொண்டாய். "இனி முனியாண்டிக்கு இதான் சூடம், மச்சான். வருசம் பூரா எரியும்லா" என்றாய். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கம்பத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுப்போம்.

நீ கண்ணை மூடி இரண்டு வருடம். கம்பத்தில் வாயு எரிந்ததா என்று நாள்தோறும் குறிக்கும் பதிவேடு இப்போது என் கையில். கம்பம் பழுதாகி ஏழு வாரம் ஆகிறது. ஈப்போவிலிருந்து சாமான் வருது வருது என்கிறார்கள், வந்தபாடில்லை. வாயு சும்மா வானத்துக்குப் போகிறது. பதிவேட்டில் அந்த நாட்களின் கட்டங்களைக் காலியாகவே விட்டிருந்தேன். திங்கட்கிழமை பதிவேட்டைப் பார்க்கச் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

"ஏழு வாரமும் எரிஞ்சதாவே எழுதிருங்கண்ணே. இல்லன்னா உங்கள லாரியிலருந்து பழக்குலை எறக்குற எடத்துக்கு மாத்திருவாங்க" என்றார் ஆபீஸ் தம்பி. என் முழங்கால் வலி அவருக்கும் தெரியும்.

சலித்துவிட்டது, மச்சான். உலகத்துச் சூட்டை என் பேனாவா குறைக்கப்போகிறது? எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். ஜன்னல் வழியே கம்பம் தெரிந்தது. வெள்ளிக்கிழமைப் பழக்கத்தில் கை தானாகக் குவியப் போனது. உச்சியில் ஒன்றுமில்லை. எரிந்ததென்று எழுதிவிட்டு அங்கே போய் எந்த முகத்தோடு நிற்பது?

ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் 'எரியவில்லை' என்று எழுதினேன். நாற்பத்தொன்பது தடவை. கை வலித்தது, பயமாகவும் இருந்தது. பிறகு கம்பத்தடிக்குப் போய், நெருப்பில்லாத உச்சியை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டேன்.

அடுத்த வாரம் என்னைக் குலை இறக்கத்தான் போடுவார்கள். போடட்டும். அங்கிருந்து பார்த்தாலும் கம்பம் தெரியும், மச்சான்.