வினிகர் போன வழி

மார்ச் 3

முதலுதவி அறையில் வினிகர் நான்கு விரற்கடை குறைந்திருக்கிறது. காயப் பதிவேட்டில் நாற்பத்தொரு நாளாக ஒரு வரிகூட இல்லை. யாருக்கும் எதுவும் படவில்லை என்றால் வினிகர் எங்கே போகிறது? அறைச் சாவி இரண்டே பேரிடம். ஒன்று பாதுகாப்பு அதிகாரியான என்னிடம். இன்னொன்று மீன் பிரிக்கும் கொட்டகையின் மேற்பார்வையாளனிடம். அதாவது என் மனைவியின் தம்பியிடம். சிபாரிசு செய்து அவனை இங்கே சேர்த்ததே நான்தான். வேலியே பயிரை மேய்கிறது. வேலி போட்டவன் நான்.

பாட்டில் லேபிளில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

மார்ச் 5

கோட்டுக்குக் கீழே இரண்டு விரல். பதிவேடு காலி.

மார்ச் 6

இன்று வகுப்பு எடுத்தேன். விலங்கியலில் முதல் வகுப்பில் தேறிய எனக்கு வாய்த்த மாணவர்கள், மேசையில் மீன் பிரிக்கும் மேசைக்காரர்கள் இருபத்தாறு பேர். மேலாளர் நாற்காலிக்கு என்னைத் தாண்டிப் போனவன் படிப்பையே பாதியில் விட்டவன். அது வேறு கதை. அதை நான் மறக்கப் போவதில்லை.

கெளுத்தி முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீர். ஜெல்லி மீன் என்கிற சொறி மீனின் இழை பட்டுத் தடித்தால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகர். கடல் பாம்பு கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது, ஆபத்தே அதுதான், ஓர் அடிகூட நடக்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். மைத்துனன் கொட்டாவி விட்டான். பெரிய குரலுக்காகச் சைரன் என்று பட்டப்பெயர் வாங்கிய மேசைக்காரி எழுந்து, "சார், எழுதுறவங்க கடிச்சா எதை ஊத்தணும்?" என்றாள். கொட்டகையே சிரித்தது. அவனும்தான்.

காயம் பட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறினால் எச்சரிக்கைக் கடிதம், மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போய்விடும். என் யோசனை. அதற்குப் பிறகுதான் பதிவேடு சுத்தமானது. பயம் இருந்தால் கவனம் தானாக வரும். இவர்களுக்கு அது கசக்கிறது.

மார்ச் 9

தம்பி வீட்டில் வினிகர் பாட்டில் ஏதும் கண்ணில் பட்டதா என்று மனைவியிடம் மெல்லக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"திருடிட்டுப் போய் அவன் என்ன, வினிகர்லயா குளிக்கப் போறான்?"

கோபம் வந்த வேகம் சந்தேகமாக இருக்கிறது. போனில் அவனோடு பேசும்போது நான் உள்ளே வந்தால் குரல் தணிகிறது. அக்காளும் தம்பியும் என்ன பேசி வைத்திருக்கிறார்கள்?

மார்ச் 11

பனிக்கட்டி அறை ஜன்னல் வழியே பார்த்தேன். சைரனின் முன்கையில் மைத்துனன் வினிகர் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் சொல்லிக்கொடுத்தபடியே, தேய்க்காமல், இடுக்கியால் இழையை எடுத்து. கொட்டாவி விட்டவன்! நான் போய்ச் சேருவதற்குள் சட்டைக் கை இறங்கிவிட்டது. வேர்க்குரு என்றாள் அவள். தேள் கொட்டிய பழைய தழும்பு என்றான் அவன். பொய்யையாவது ஒத்துப் பேசியிருக்கலாம்.

ஆக, திருட்டு இல்லை. அதைவிட மோசம். நாற்பத்தொன்பது நாளாக இருபத்தாறு பேரும் சேர்ந்து என் பதிவேட்டைப் பொய்யாக்கியிருக்கிறார்கள். தலைமை அவன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அவன் பெயரில் ஏற்கெனவே இரண்டு கடிதம். மூன்றாவதை அடித்து வைத்துவிட்டேன். தேதி மட்டும்தான் பாக்கி.

மார்ச் 14

வரிசையாக எழுதவேண்டும்.

பதினொன்றரைக்குக் கடிதத்தோடு போனேன். மைத்துனன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். இமை பாதி மூடியிருந்தது, நாக்குக் குழறியது. குடித்திருக்கிறான் என்று முகத்தருகே போய் மோந்தேன். வாடை இல்லை. தூக்கமில்லை என்றான். அவன் சொல்லி நான் எதை நம்பியிருக்கிறேன்? கையுறையைக் கழற்றச் சொன்னேன், மறுத்தான், நானே உருவினேன். கட்டைவிரலடியில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி. வீக்கமில்லை. வலை கீறியது என்றான். அதையும் நம்பவில்லை. மீனோடு வந்த கடல் பாம்பு.

அங்கேயே படுக்கவைத்து விரல் நுனியிலிருந்து தோள்வரை அழுத்திக் கட்டினேன். மீன்பெட்டிப் பலகையை வைத்துக் கையை அசையாமல் ஆக்கினேன். நடந்தே வருகிறேன் என்றவனைச் சைரனும் மூன்று பேரும் தார்ப்பாயில் தூக்கினார்கள். எப்போது கடித்தது என்று வண்டியில் கேட்டேன்.

"காலைல ஏழு மணிக்கு."

நாலரை மணி நேரம். நாலரை மணி நேரம் பெட்டி தூக்கியிருக்கான், பாவி. ஏன்டா சொல்லல, என்கிட்ட ஏன்டா—

"சொன்னா எழுதிருவீங்களே, அத்தான்."

கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

மார்ச் 15

சிறுநீர் கறுப்பாகப் போகிறது. மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 18

குழாயை எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிடுவான். கட்டுப் போட்டது யார், சரியாகப் போட்டிருக்கிறார் என்றார் மருத்துவர். அவர் போனதும் மனைவி சொன்னாள்: "கையை மட்டுமா கட்டினீங்க? அவன் வாயை அதுக்கு முன்னாடியே கட்டிட்டீங்க."

 

மார்ச் 21

வெளியே எங்கோ கடித்ததாக எழுதிவிடலாமே என்றான் மேலாளர். இரண்டு மாதச் சுத்தமான பதிவேடு மேலிடத்துக்குப் போகவேண்டுமாம். கொட்டகையில் கடித்தது என்றே எழுதினேன். கடித விதியை எடுக்கவும் எழுதிக் கொடுத்தேன். உங்கள் யோசனைதானே என்று சிரித்தான். இந்தச் சிரிப்பும் கணக்கில் இருக்கிறது.

மார்ச் 27

மேலிடம் ஒப்புக்கொண்டு கடித விதி போய் நான்கு நாளாகிறது. பதிவேட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. நம்பவில்லை, எப்படி நம்புவார்கள்? மைத்துனனுக்கு இன்னும் படி ஏற முடியவில்லை. நான் போனால் கண்ணை மூடிக்கொள்கிறான். தூங்குகிறானோ, நடிக்கிறானோ.

மார்ச் 30

மத்தியானம் சைரன் முதலுதவி அறை வாசலில் வந்து நின்றாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்த வரிகள். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"எழுதிக்கோங்க சார். முதல்ல ஊத்துங்க."

யார் சொல்லி வந்தாள்? மனைவியா, அவனா? என்னைச் சோதித்துப் பார்க்கிறாளா? தெரியவில்லை. நிதானமாக ஊற்றினேன். பல்லைக் கடித்தாளே தவிர, சத்தம் போடவில்லை.

வாசலுக்கு வெளியே இன்னும் இரண்டு பேர், கையைப் பிடித்தபடி, அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.