கூட்ரோட்டு வளைவில் நீ வரைந்த காபி

ஒரகடம் கூட்ரோடு
9.8.1977

அன்பு மகன் ரகுபதிக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மணிமங்கலம் பெருமாள் புண்ணியத்தில் நானும் நைனாவும் உன் தங்கை லீலாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் உனக்கும் ஒரு குறையும் இருக்கக்கூடாது. உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை, மனசு ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. மாவு கரைத்து வைத்துவிட்டு, உப்பு போட்டேனா என்று மறுபடியும் போய் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். லீலா டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள சைக்கிளில் படப்பைக்குப் போயிருக்கிறாள், அவள் திரும்புவதற்குள் இதை எழுதி முடிக்கவேண்டும்.

போன கடிதத்தில் கோபமாக எழுதியிருந்தாய். நீ வரைந்து ஏற்றிய விளம்பரப் பலகையை கார்ப்பரேஷன் ஆள் டேப் வைத்து அளந்து, சிக்னல் பக்கத்தில் இருக்கக்கூடாது, இவ்வளவு உயரம் ஆகாது என்று இறக்க வைத்துவிட்டான், வரைகிறவன் அருமை அவனுக்கு என்ன தெரியும் என்று. படித்துவிட்டு நானும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது அந்தத் திட்டையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

நீ ஊரைவிட்டுப் போகுமுன் நம் வளைவில் நட்டுவிட்டுப் போன தகரப் போர்டு இருக்கிறதே, லீலா காபி கிளப், பெரிய பித்தளைத் தம்ளர், ஆவி பறக்கிற காபி. நட்ட நாளிலிருந்து நம் கடையில் லாரிக்காரர்களுக்குக் குறைவில்லை. நைனா காலையில் ஸ்டூல் போட்டு ஏறி அதைத் துடைப்பார், என் முகத்தை ஒருநாளாவது அப்படிப் பார்த்திருப்பாரா. போன வாரம் அந்த வளைவில்தான், நமக்குப் பால் ஊற்றுகிற பிள்ளைப்பாக்கத்து எல்லப்பன் கேனோடு சைக்கிளில் திரும்பியபோது லாரி அடித்துவிட்டது. ரோடெல்லாம் பால். இடுப்பெலும்பு முறிந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். டிரைவருக்கு உன் வயதுதான் இருக்கும், நம் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். சத்தியமா ஆள் வந்தது தெரிலம்மா, அந்தக் காபியத்தான் பாத்துக்கினு வந்தேன், அதுக்குப் பின்னால சைக்கிள் கீதுன்னு எனக்கு இன்னா தெரியும் என்றான். அவனை நான் என்னவென்று திட்டுவது? நீ அவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறாய்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. லீலாவும் அதே வளைவில்தானே திரும்பி வருகிறாள். போர்டை எடுத்துவிடலாம் என்றால் நைனா, அது என் புள்ள கைவேலை, எவன் கை வெக்கறான்னு பாக்கறேன் என்று குதிக்கிறார். அவர் எல்லப்பனைப் பார்க்கக் காஞ்சிபுரம் போன நேரத்தில், நம் கடை மாஸ்டர் நாகப்பனைக் கடப்பாரையோடு கூட்டிப்போய் இறக்கிவிட்டேன். படம் கீறாமல் சாக்கு சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன், கவலைப்படாதே. நீ கண்ணெதிரே இல்லாத குறைக்கு நானும் அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா வந்து பார்த்தவர் அன்று சாப்பிடவில்லை, இன்னும் என்னோடு பேச்சில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேள். மறுநாள் விடிந்தால் அதே குழியில் உரக்கடை தணிகாசலத்தின் போர்டு நிற்கிறது, நம்முடையதைவிட இரண்டு மடங்கு. போய்ச் சண்டை போட்டேன். உன் போர்டு நின்னப்போ நான் எதுனா கேட்டனா அக்கா, என்னுது நின்னா மட்டும் உனக்கு இன்னா வலிக்குது என்றான். நேரே பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன். அவரோ, அதுக்குன்னு நம்ம கிட்ட சட்டம் ஒண்ணும் இல்லியேம்மா, அவனை எடுக்கச் சொன்னா சினிமாக் கொட்டாய்க்காரன் இன்னும் பெருசா வெப்பான் என்கிறார். நான் ஒருத்தி எடுத்து என்ன பிரயோஜனம், எல்லாருக்கும் சேர்த்து அளந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அதனால் அந்தக் கார்ப்பரேஷன் ஆளிடம் முறைத்துக்கொள்ளாதே. வளைவிலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்கவேண்டும், எவ்வளவு உயரம், யார் அனுமதி கொடுப்பது, எல்லாம் விவரமாகக் கேட்டு எழுது. பஞ்சாயத்தில் படித்துக் காட்டி ஒரு கை பார்த்துவிடுகிறேன். உன் போர்டையும் அந்த அளவுக்குள் திரும்ப நடலாம்.

நீ உயரத்தில் ஏறி வரையும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள். பெயிண்ட் கையோடு சாப்பிட உட்காராதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

லீலா வரும் நேரம் ஆகிவிட்டது. இந்நேரத்துக்குத் தினமும் நான் சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு வளைவில் போய் நிற்கிறேன், லாரி வந்தால் கை காட்டி நிறுத்துகிறேன். ஊரே சிரிக்கிறது, சிரிக்கட்டும். நேற்று போனால் எனக்கு முன்னால் நைனா அங்கே நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டார்.

நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்கவேண்டும், கண்ணு. அளவு கேட்டு எழுத மறந்துவிடாதே. அது வரும்வரை வளைவில் நாங்கள் இரண்டு பேரும்தான் நிற்கவேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
சு. கிளியம்மாள்