சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு முழம்

மச்சான்,

உன் அடையாள அட்டைப் படம் என் கடை மேசையில், பிரேக் கேபிள் சுருளுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் கிடக்கிறது. கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, யாரோ அதட்டிய பிள்ளை மாதிரி அதில் நீ முழித்துக்கொண்டிருக்கிறாய். உனக்குப் பிடிக்கவே பிடிக்காத படம். "இதக் காட்டுனா போலீஸ்காரனுக்கே என்மேல சந்தேகம் வந்துரும்" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். அந்தப் படத்தைத்தான் உன் சாவுக்கு அடித்த பேனரில் போட்டு, சந்தியில் கட்டினார்கள். மழையில் நனைந்து சாயம் போகும்வரை நீ அங்கே முழித்துக்கொண்டே இருந்தாய். சரக்கு வாங்கப் போகும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போனேன்.

போன வாரம் உன் மனைவி சாந்தி இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நமுனுகுலயிலிருந்து பஸ் ஏறி பதுளைக்கு வந்தாள். கடைக்குள் வந்தவள் உட்காரக்கூட இல்லை. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை அவளும் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"தெவசம் வருது நானா. வீட்டுல அவரு படம் ஒன்னு பெருசா மாட்டணும். இது வேணாம். பாப்பா இதப் பாத்துட்டு, இது எங்கப்பா இல்லங்குது" என்றாள். பிறகு சின்னதாக ஒரு சிரிப்பு. "ஒங்ககிட்டதான் நெறைய இருக்குமே. ஞாயித்துக்கெழம ஆனா போட்டோ போட்டோன்னு ரெண்டு பேரும் போயிருவீங்களே."

"பாக்கிறேன் தங்கச்சி" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். சாவு வீட்டில் உன் மச்சினன் கேட்டபோதும் இதையேதான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவசரத்தில் நான் தேட முடியாமல் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருந்தால்தானே தேட?

போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "வேற கெடைக்காட்டி, இதையே கொஞ்சம் சிரிச்ச மாதிரி ஆக்க முடியுமா நானா?"

ஆக்கிப் பார்த்தேன். அதற்கெல்லாம் இப்போது போனிலேயே வழி இருக்கிறது. உதடு விரிந்தது, பல் தெரிந்தது. ஆனால் அது உன் சிரிப்பு இல்லை. நீ சிரித்தால் முதலில் தோள்தான் குலுங்கும். அதை அழித்துவிட்டுக் கடையை நேரத்தோடே மூடிவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும், நமக்குள் பழக்கம் வந்ததே அந்த ரேஸ் சைக்கிளால்தான். ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள், கறுப்பு. அதற்கு டயர் தேடிக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலை உடுப்போடேயே கடைக்குள் நுழைந்தாய். நீ பேசப் பேச உன் சட்டையிலிருந்து வறுத்த தேயிலை வாசம் வந்தது. கடைக்கு வெளியே சாய்த்து வைத்திருந்த சைக்கிளை நான் எட்டிப் பார்த்தேன். அதன் பிறகு நீ சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. "ஒரு போட்டோ எடுக்கவா?" என்றுதான் கேட்டேன். நீ சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றாய்.

"தள்ளிக்க மச்சான்" என்றேன். உன்னிடம் நான் சொன்ன இரண்டாவது வாசகம் அது.

நான் வளர்ந்த வீடு அப்படி. எங்கள் வீட்டுச் சுவரில் மனிதப் படம் கிடையாது. உம்மாவுக்குப் பிடிக்காது. எங்களில் ஒருவர் மௌத்தானால் அன்றைக்கே அடக்கிவிடுவோம். படம் தேட நேரமும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. வாப்பா போய் இத்தனை வருடத்தில் அவர் முகத்தை நான் ஒரு தாளில் தேடியதே இல்லை. கையில் கேமரா வந்தபோது மணி, பூட்டு, பெடல், கடையில் விற்கிற சாமான் என்று எடுத்துத்தான் பழகினேன். உன் வீட்டில் ஒருவர் போனால் படத்துக்குத்தான் மாலை, படத்துக்கு முன்னால்தான் விளக்கு என்பது எனக்குத் தெரியாததில்லை. எத்தனை சாவு வீட்டுக்கு உன்னோடு வந்திருக்கிறேன். ஆனால் அந்த மாலையையும் உன்னையும் சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை. உன் வயதுக்கு யார் நினைப்பார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். அது எடுபடவில்லை.

சைக்கிளை எப்படி எடுத்தால் எடுப்பாக இருக்கும் என்று நாம் போட்ட சண்டையை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. செயின் இருக்கிற பக்கம்தான் கேமராவைப் பார்க்க வேண்டும். செயின் பெரிய பல்சக்கரத்தில் ஏறியிருக்க வேண்டும். பெடல் தொங்கக் கூடாது, முன்பக்கம் நேராக நீட்டி நிற்க வேண்டும். இரண்டு சக்கரத்திலும் காற்றடிக்கிற வால்வு கீழே வர வேண்டும். நான் ஈரத் தார் ரோட்டில் மண்டியிட்டு, சக்கரத்தின் நடு உயரத்துக்குக் கேமராவை இறக்குவேன். நின்றுகொண்டு எடுத்தால் எவ்வளவு நல்ல சைக்கிளும் நோஞ்சானாகத் தெரியும். "பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு என் தங்கச்சியக்கூட இப்புடி நிக்க வெக்கல மச்சான்" என்று நீ முனகிக்கொண்டே வால்வைக் கீழே திருப்புவாய்.

பின்னணிக்கு நாம் கண்டுபிடித்தது நமுனுகுல ரோட்டின் அந்த வளைவு. கீழே பள்ளம். அங்கிருந்து பனி ஏறி வந்து நின்றால் பின்னால் மலையும் இருக்காது, தோட்டத்து லய வீடும் இருக்காது, கரண்டுக் கம்பியும் இருக்காது. வெள்ளைத் துணி கட்டிவிட்ட மாதிரி இருக்கும். பனிக்காக அந்த மைல்கல்லில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருப்போம். "வருது மச்சான், வருது, ரெடியா இரு" என்று முதலில் எழும்புவது நீதான்.

அந்தச் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் கிடையாது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை முட்டுக் கொடுத்துப் பார்த்தோம், குச்சி படத்தில் விழுந்தது. கடைசியில் நீதான் வழி கண்டாய். பின்பக்கம் நின்று சீட்டை ஒரு விரலால் பிடித்துக்கொள்வாய். நான் "விடு" என்றதும் விரலை எடுத்துவிட்டு இடப்பக்கம், படத்துக்கு வெளியே பாய்வாய். சைக்கிள் ஒரு மூச்சு நேரம் தானாக நிற்கும். அதற்குள் நான் அமுக்க வேண்டும். அது சாய ஆரம்பிக்கும்போது நீ திரும்பப் பாய்ந்து பிடித்துவிடுவாய். எத்தனையோ தடவை விட்டோம், ஒரு தடவைகூட அதைத் தரையில் படவிட்டதில்லை நீ.

ஒரு நாள் மட்டும் பிடித்த வேகத்தில் கால் வழுக்கி, சைக்கிளைக் கட்டிக்கொண்டே ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் போய் விழுந்தாய். சைக்கிளை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாய். முழங்கையில் சிராய்ப்பு, முகமெல்லாம் சேறு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு. என் விரல் தானாக அமுக்கிவிட்டது.

எழும்பி வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய். "காட்டு காட்டு. எப்புடி வந்திருக்கு?"

"சைக்கிள் கோணலா விழுந்திருக்கு" என்று அழித்தேன். உன் கண் முன்னாலேயே அழித்தேன்.

"நான் நல்லாத்தானே இருந்தேன்?"

நீ விளையாட்டாகத்தான் கேட்டாய். பிறகு சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "ஒரே ஒரு தடவ என்னையும் சேத்து எடேன் மச்சான்" என்றாய். அது விளையாட்டாகக் கேட்டதில்லை என்று இப்போது தோன்றுகிறது. நான் பெரிய மேதாவி மாதிரி விளக்கம் சொன்னேன். ஆள் நின்றால் பார்க்கிறவன் கண் ஆள் மேலேதான் போகும், சைக்கிள் தோற்றுப் போகும் என்றேன்.

"தோத்தா தோத்துட்டுப் போவுது. ஒரு தடவ நான் ஜெயிச்சுக்கிறேனே."

"அடுத்த வாரம் பாப்போம்" என்றேன். பல அடுத்த வாரங்கள் வந்தன. நான் பார்க்கவில்லை, நீயும் பிறகு கேட்கவில்லை. அப்புறம் சாதாரணக் காய்ச்சல் என்று நாமெல்லாம் நினைத்தது உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வாரம் முழுவதும் பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் சைக்கிள். பனியில் சைக்கிள், வெயிலில் சைக்கிள், மழை விட்ட ரோட்டில் சைக்கிள். ஒன்றில் ஓரத்தில் உன் ரப்பர் செருப்பின் நுனி. ஒன்றில் சீட்டை விட்டு அப்போதுதான் எழும்பிய ஒரு விரல். அவ்வளவுதான் நீ. கடையின் முகநூல் பக்கத்தில் போட்ட படங்களுக்குக் கீழே "யாருடைய சைக்கிள்?" என்று கேட்டவர்களுக்கு "நண்பனுடையது" என்று பதில் எழுதியிருக்கிறேன். உன் பெயரைக்கூட எழுதவில்லை மச்சான். எனக்கே வெட்கமாக இருந்தது.

வெறுங்கையோடு போக மனமில்லாமல், பனியில் எடுத்ததில் ஆகச் சிறந்த படத்தைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டு நேற்று உன் லயத்துக்குக் கொண்டுபோனேன். வாசலில் சைக்கிள் துணி போர்த்தி, சுவரில் சாய்ந்து நிற்கிறது. சாந்தி தாளைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "சைக்கிளுக்கு இத்தன போட்டோ. ஆளுக்கு ஒன்னுகூட இல்லியா நானா?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "இல்ல தங்கச்சி. நான் எடுக்கல்ல" என்று சொல்லி முடித்தேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்டாண்டும் இல்ல, எதுலயும் சாச்சும் வெக்கல. பெறகு எப்புடி நிக்குது?"

நீ விரலை விட்டுப் பாய்ந்த கதையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "அப்ப இது எடுக்கையில அவரு எங்க நின்னாரு?"

படத்தை வாங்கிச் சுவரோடு வைத்துப் பிடித்து, சட்டத்துக்கு இடப்பக்கம், வெளியே, வெறும் சுவரைத் தொட்டுக் காட்டினேன். "இங்க. ஒரு முழம் தள்ளி."

சாந்தி சைக்கிள் படத்தை அங்கேயே மாட்டினாள். சாவுக்குச் சட்டம் போட்ட உன் அடையாள அட்டைப் படத்தைப் பழைய இடத்திலிருந்து கழற்றி, நான் தொட்ட இடத்தில் ஆணியடித்து மாட்டினாள். மாலையை நேராக்கிவிட்டு, "எடம் சரிதானே நானா?" என்று கேட்டாள். பாப்பா உள்ளே இருந்து ஓடி வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா ஏன் தள்ளி நிக்கிறாரு?" என்றாள். சாந்தி என்னைப் பார்த்தாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

இன்று காலை ஒருவர் தன் சைக்கிளைப் படமெடுக்கச் சொல்லிக் கடைக்குக் கொண்டு வந்தார். செயின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பழகியவர் போலத் தானாகவே ஒதுங்கப் போனார். "வேணாம், அப்பிடியே நில்லுங்க" என்றேன். கழுத்தைச் சாய்த்து, பல் தெரிய நின்றார். எடுத்துப் பார்த்தேன். நான் அன்று சொன்னது சரிதான். கண் அந்த மனிதர் மேலேதான் போகிறது, சைக்கிள் தோற்றுத்தான் போகிறது. ஒரு தடவை உன்னை ஜெயிக்க விட்டிருக்கலாம் மச்சான்.