ஐந்தாம் நாளில் முதல் பால்

அம்மாவுக்கு வணக்கம். உன் மூட்டுவலி தேவலையா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலையாக இருந்தபோதே காய்ச்சல் வந்தது. கொரோனா என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று வாரம் முன்னதாகவே மகள் பிறந்துவிட்டாள். பயப்படாதே, அவளுக்குத் தொற்று இல்லை.

பிறந்ததும் மூச்சுத் திணறியதால் தனியறையில் வைத்திருந்த குழந்தையை இன்றுதான் கையில் கொடுத்தார்கள். தயங்கினேன். நர்ஸ் பூவம்மாள், "பால்ல பரவாதும்மா. மாஸ்க் போட்டுக்கினு குடு, இன்னா பயம்?" என்றார். குடித்தாள். என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திமிரியிலிருந்து நீ வரவேண்டாம். உன் மாப்பிள்ளையையே வாசலோடு நிறுத்திவிட்டார்கள். குழந்தைக்கு விரிக்க உன் நூல் புடவை ஒன்று அனுப்பு. எனக்கும் ஒன்று, நீ உடுத்தியது, துவைக்காதே.

அழுகிறாள், முடிக்கிறேன்.

உன் மகள்
ஹேமலதா