சுதன் போனால் தோல்வியாம்

1998 ஒக்டோபர் 27, செவ்வாய்

கல்லூரியில் கணினி வலையமைப்புப் படிக்கும் சுதனுக்கு, அதே துறையில் மார்க்கம் நகரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமையே வரச் சொல்கிறார்கள். படிப்பை நடுவில் விட்டால் எங்கள் கல்லூரிக் கணக்கில் அவன் தோல்வி. இங்கேயே டிப்ளோமாவை முடித்துவிட்டு ரெக்ஸ்டேலில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் நேசன் வெற்றி. இதற்குப் பெயர் அளவீடு!

"உன்னுடைய பாஷையில் பேசி அவனை நிறுத்து" என்று துறைத்தலைவர், ஆய்வுகூட உதவியாளனான என்னிடம் சிரிக்காமல் சொன்னார்.

சுதனைக் கூப்பிட்டேன்.

"என்ன அண்ணை செய்யட்டும்?"

"போடா. உவங்கட கணக்குக்காக நீ ஏன் இங்க குந்தியிருக்கிறாய்?"

"உங்களுக்குப் பிரச்சினை வராதே?"

"நீ முதல்ல போ."

டிசம்பரில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவரும் அதே தலைவர்தான். நாளைக்குக் கேட்டால், நான்தான் போகச் சொன்னேன் என்பேன். அதை எந்தக் கணக்கில் எழுதுவாரோ எழுதட்டும்.